யூதித்தின் எடை

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எடை 920. இரை 70 கிராம், காடைக்கறி. மேற்குக் காற்று பலம்.

இறகுதிர் காலம் முடிந்தது. வாலின் கடைசி இறகும் முழு நீளத்துக்கு வந்துவிட்டது. நாளை முதல் யூதித்து வேலைக்குப் போகலாம். இன்னும் பதினைந்து நாளில் பந்தலில் திராட்சை நிறம் பிடிக்கும். மைனாக்களும் கிளிகளும் இப்போதே வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

புதிய குறிப்பேடு என்பதால் முதல் பக்கத்தில் சில விவரங்கள். இந்தப் பருந்தை வளர்த்தவர் என் கணவர் சவரிராயன். வளைகுடா நாட்டு விமான தளம் ஒன்றில், ஓடுபாதையிலிருந்து பறவைகளை விரட்டப் பருந்து பறக்கவிடும் வேலையில் இருபது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றுக் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் தோட்டத்துக்கு வந்தபின், சட்டப்படி பதிவு செய்து இவளை வாங்கினார். அமெரிக்கப் பாலைநிலத்து இனம். விவிலியத்து யூதித்தின் பெயரை அவர்தான் வைத்தார். போன நவம்பரில் அவர் இறந்தார். அன்றிலிருந்து கையாள்பவள் நான். எழுபத்திரண்டு வயதில் முடியுமா என்று கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் வேதியியல் கற்பித்தவளுக்கு ஒரு தராசும் ஒரு கடிகாரமும் போதும்.

அவருடைய குறிப்பேடு கொட்டகையில் தொங்கும் தோல் பைக்குள் இருக்கிறது. கோழி கிளறியதுபோல் கையெழுத்து. நான் திறக்கவில்லை. தேவையான எண்ணைத் தராசுக்கு மேல் சுவரில் சாக்பீஸால் அவரே எழுதிவைத்திருக்கிறார்: 920. அதற்கு மேல் போனால் பருந்துக்குப் பசி இருக்காது, கூப்பிட்டால் வராது. கீழே போனால் உடம்பில் பலம் இருக்காது. அவ்வளவுதான் இந்த வேலை.

ஆகஸ்ட் 7, புதன்

எடை 918. நேற்றைய இரை 75 கிராம். 70 என்று எழுதிவிட்டேன். ஒற்றைக் கோடு போட்டுத் திருத்தினேன். கான்வென்டில் மதர் பெர்னதெத் சொல்லித் தந்தது: பிழையைச் சுரண்டாதே, அடித்து மறைக்காதே. ஒரு கோடு போடு. கீழே இருப்பது தெரியட்டும். மேலே சரியானதை எழுதி உன் முதலெழுத்தை இடு. அறுபது வருடமாக அப்படித்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எடை 931. பூசைக்குப் போவதற்கு முன் பறக்கவிட்டேன். விட்டிருக்கக் கூடாது, எடை கூடுதல், காற்றும் கூடுதல். மைனாக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போனவள் திரும்பவில்லை. விசில் ஊதிக்கொண்டே ஓடையின் கரை வரை நடந்தேன். பூசை தவறியது.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை ஒன்பது மணிக்குக் கிடைத்தாள். பக்கத்துத் தோட்டத்து ஒச்சப்பனின் தென்னையில் உட்கார்ந்திருந்தாள். கூலியாட்கள் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் கையுறையில் கறியை நீட்டியபடி நாற்பது நிமிடம் நின்றேன்.

"என்னங்க டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல நீங்க ஒரு பார்வ பாத்தா நாங்க பெஞ்சு மேல ஏறுவோம். இது பெஞ்சை விட்டு எறங்க மாட்டேங்குது" என்றார் ஒச்சப்பன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

யாரோ கோயம்புத்தூருக்கு போன் செய்திருக்கிறார்கள். மாலை மகன் ஜெரோம் பேசினான்.

"மம்மி, இது கடைசித் தடவை. இன்னொரு முறை அது தப்பிச்சுப் போச்சுன்னா, நான் வந்து அதை இங்க ஒரு வளர்ப்பாளர்கிட்ட ஒப்படைச்சிட்டு உங்களையும் கூட்டிட்டு வந்துருவேன். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுரலாம்."

"ஒப்படைக்கப்பட வேண்டியவள் யார், அவளா நானா?" என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

ஜனவரியில் இரண்டாம் அறுப்பு முடியும்வரை ஒரு தவறும் நடக்காது. எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, சனி

சென்னையிலிருந்து சாமான்கள் வந்தன. தொலைவிலிருந்து இருப்பிடம் காட்டும் கருவி ஒன்று, கனமான பித்தளை மணி இரண்டு, தடித்த தோல் வார், என் தொலைபேசி எண் பொறித்த தகடு. தோட்டத்து வேலைக்கு இருக்கும் முத்துப்பேச்சி பருந்தைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொள்ள, எல்லாவற்றையும் நானே பூட்டினேன்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இம்புட்டு நகை போட மாட்டாக" என்றாள் முத்துப்பேச்சி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எடை 964. காடைக்காரன் கொழுத்த பறவைகளாகக் கொடுத்திருக்க வேண்டும். இரையைப் பாதியாக்கினேன்.

ஆகஸ்ட் 31, சனி

எடை 920. ஆறு நாளில் இறக்கிவிட்டேன். கூப்பிட்ட நொடியில் கையில் வந்து விழுகிறாள்.

செப்டம்பர் 9, திங்கள்

எடை 919. பந்தலில் ஒரு மைனா இல்லை. அறுப்பு தொடங்கியது. ஒச்சப்பன் வேலியோரம் நின்று மூன்று முறை பறக்கவிட்டதைப் பார்த்தார். மூன்று முறையும் நான்கு நொடிக்குள் திரும்பினாள். "அடேயப்பா" என்றார். அது போதும்.

வியாபாரியின் ஆள் பழம் நிறுக்க வந்தான். பிளாஸ்டிக் பெட்டியின் எடையைக் கழிக்காமலே எழுதிக்கொண்டு போனான். நிறுத்தி, முதலிலிருந்து எழுதவைத்தேன். கலனின் எடையைக் கழிக்க மறந்த மாணவர்களை ஆய்வகத்துக்கு வெளியே நிற்கவைத்தவள் நான். இந்தக் காலத்தில் யாருக்கும் கவனம் இல்லை.

செப்டம்பர் 26, வியாழன்

எடை 920. இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் கத்துகிறாள். சமையலறை ஜன்னல் வரை கேட்கிறது. குஞ்சுப் பறவை தாயிடம் கத்துவதுபோல, வாயைத் திறந்து, நிறுத்தாமல். பாசம் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

எடை 920. காலையில் கக்கல் உருண்டை இல்லை. இரையின் இறகையும் எலும்பையும் உருண்டையாகத் திரட்டி மறுநாள் காலையில் கக்குவது இவர்கள் வழக்கம். இரண்டு நாளாக இல்லை. எச்சத்தில் பச்சை நிறம் அதிகம்.

முத்துப்பேச்சி என்னைக் கேட்காமல் யூதித்தின் மார்பைத் தடவிப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் சண்டைச்சேவல் வளர்த்தார்களாம்.

"டீச்சரம்மா, நெஞ்செலும்பு கத்தி மாதிரி நிக்குது. ரெண்டு பக்கமும் சதையே இல்ல. இது மெலிஞ்சுபோச்சு."

"எடை 920. தராசு பொய் சொல்லாது."

"தராசு சொல்லுதோ என்னமோ. என் வெரலு சொல்லுது."

விரலுக்கு அளவுக்கோடு கிடையாது என்று சொல்லி அனுப்பினேன். சாப்பாட்டு விஷயத்தில் இவள் எப்போதும் இப்படித்தான். அவருக்கு அட்டவணை போட்டு, இதே தராசில் அறுபது கிராம் சோறு நிறுத்துக் கொடுத்த நாட்களில், நான் குளிக்கப் போன நேரம் பார்த்து வாழைப்பழம் கொடுத்தவள். தோலைக் கிணற்றடியில் கண்டுபிடித்தேன். சர்க்கரை நோயாளிக்கு வாழைப்பழம்!

அக்டோபர் 17, வியாழன்

மழை. பறக்கவிடவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

எடை 921. இரை கொடுக்கும்போது இறக்கைகளை விரித்துக் கறியை மூடிக்கொண்டாள். யாரோ பிடுங்க வருவதுபோல் என்னையே பார்த்தாள். கையுறையை விலக்கியபோது மணிக்கட்டுக்கு மேல் வெற்றுக் கையைப் பற்றினாள். நான்கு நகமும் இறங்கின. விடுவிக்க முத்துப்பேச்சி வர வேண்டியிருந்தது. கஸ்தூரி மஞ்சள் வைத்துக் கட்டினாள். அதற்கு மேல் ஊசியும் போட்டுக்கொண்டேன்.

இது திமிர். வேலை நன்றாகச் செய்வதால் வந்த திமிர். 900க்கு இறக்கப்போகிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

எடை 900. அடங்கிவிட்டாள். கத்துவதுகூடக் குறைந்தது. இறகை உப்பிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறாள். கண்களைப் பாதி மூடியிருக்கிறாள். அமைதி.

அவரும் கடைசி மாதத்தில் நன்றாக அடங்கிவிட்டார். அதற்கு முன் சாப்பாட்டு மேசையில் எவ்வளவு வாதம். "ஹில்டா, இன்னும் ஒரு கரண்டி." "ஹில்டா, பறவைக்குக்கூட நான் இப்படி நிறுத்ததில்ல." நான் அட்டவணையைக் காட்டுவேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். காய்ச்சல் வந்து பசியும் போனபின் கொடுத்த அறுபது கிராமையும் மிச்சம் வைத்தார். மாத்திரையை மட்டும் நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

நவம்பர் 21, வியாழன்

எடை 901. அவருடைய முதலாண்டு நினைவுப் பூசை. சாமியார் பிரசங்கம் நீளம். அவருடைய பெயரை இரண்டு முறை தவறாக உச்சரித்தார். ஜெரோமுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

வீடு திரும்பியபோது படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் பாயசம் இருந்தது. முத்துப்பேச்சி வைத்தது.

"அவருக்குச் சர்க்கரை ஆகாது" என்றேன்.

"இப்பவுமா டீச்சரம்மா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்தில் நின்று அவளே குடித்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

போன வருடத்து நாட்குறிப்பை எடுத்து, இதே தேதியைப் பார்த்தேன். அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன்:

"காலை இட்லி ஒன்று, பாதி விட்டார். மாத்திரை அட்டவணைப்படி. பத்து மணிக்கு வியர்வை, கைநடுக்கம், பொருத்தமில்லாத பேச்சு. பிடிவாதம். பதினொன்றரைக்கு மயக்கம். வண்டி வருவதற்குள் முடிந்தது. இருதயம் என்றார்கள்."

சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லை. பூட்டிவைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எடை 900. மலையிலிருந்து குளிர் இறங்குகிறது. காலையில் பந்தல் கம்பியெல்லாம் பனி.

டிசம்பர் 16, திங்கள்

எடை 899. மார்கழி முதல் நாள். ஊரில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. யூதித்து இரண்டாவது முறை பறக்கும்போது பந்தலுக்கு எழ முடியாமல் தரையில் இறங்கி, நடந்து வந்தாள். வாத்துபோல. மணிகள் தரையில் இழுபட்டன.

"மணிச் சத்தம் கேக்கையில எனக்கு ஈரக்கொல நடுங்குது" என்றாள் முத்துப்பேச்சி. "பத்துக் கிராமாச்சும் கூட்டிப் போடுங்க. அய்யா இருந்தா பனிக்காலத்துல அள்ளி அள்ளிப் போடுவாரு."

"அய்யா எழுதிவைத்தது 920. அதற்குமேல் ஒரு எழுத்து இல்லை."

"அது செவுத்துல. அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு செவுத்துக்குத் தெரியுமா?"

டிசம்பர் 25, புதன்

எடை 900. ஜெரோம் வந்தான். கேக் கொண்டுவந்தான், முட்டை வாசனை. மதியம் அவனுக்குப் பறக்கவிட்டுக் காட்டினேன். இருபது அடி தூரம்தான். அதற்குமேல் விட எனக்கு விருப்பமில்லை. கையில் வந்து கறியைப் பறித்தாள். கை தட்டினான்.

"சரி மம்மி, நான் தோத்துட்டேன். அறுப்பு முடியட்டும், அப்புறமும் நீங்க இங்கயே இருங்க. உங்களுக்கு இது நல்லாத்தான் இருக்கு."

முத்துப்பேச்சி தூணோரம் நின்று அவனிடம் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் பார்த்தேன். போய்விட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதிவைக்கலாம்.

டிசம்பர் 27, வெள்ளி

எடை பார்க்கவில்லை.

காலை ஏழரைக்குக் கொட்டகையைத் திறந்தேன். கத்தவில்லை. தாங்கு கட்டையில் இல்லை. தரையில், மணலில், பக்கவாட்டில் கிடந்தாள். தலை பின்னால் வளைந்து, விரல்கள் மூடி, உடம்பு முழுவதும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மணி இரண்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன.

அந்த நடுக்கத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தோளில் தொடங்கிக் கைக்கு இறங்கும். நாற்காலிக் கைப்பிடியில் மோதிரம் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

முத்துப்பேச்சி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் டம்ளர். சர்க்கரைத் தண்ணீர்.

"தள்ளுங்க."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நகரவில்லை. ஏன் என்று தெரியாது. பருந்துக்குச் சர்க்கரை கொடுக்கலாமா என்று எங்காவது பார்க்க வேண்டும் என்று நினைத்தேன் போலும்.

"இந்தத் தடவ டம்ளரத் தட்டி விட்றாதீங்க டீச்சரம்மா" என்றாள்.

நகர்ந்தேன்.

மடியில் போட்டுக்கொண்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். தொண்டை அசைந்தது. மறுபடி ஒரு சொட்டு. "குடி தாயி, குடி. ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக." அரைமணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பதினைந்து நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு ஸ்பூன் சர்க்கரை. முக்கால் மணி நேரம்.

கால்நடை மருத்துவர் மதியம் வந்தார். "பட்டினி. ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கு. சர்க்கரைத் தண்ணி குடுத்தது யாரு? அவங்கதான் காப்பாத்தியிருக்காங்க" என்றார். கருவி, மணி, வார், தகடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு யூதித்தைத் தராசில் எடை போட்டார். "856" என்று வாசித்தார். கழற்றியவற்றைத் தனியே போட்டார். நாற்பத்து நான்கு கிராம்.

பெட்டியோடு நிறுத்தவனை முதலிலிருந்து எழுதவைத்தவள் நான்.

டிசம்பர் 28, சனி

எடை முத்துப்பேச்சி பார்த்தாள். நான் கேட்கவில்லை. கறியை மசித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறாள்.

தோல் பையை இறக்கினேன். பூசணம் பிடித்திருந்தது. குறிப்பேட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில், படிக்க ஒரு சிரமமும் இல்லாத எழுத்தில்:

"பறக்கும் எடை 920. வார், மணி கழித்து. பனிக்காலத்தில் 40 கூட்டு. சந்தேகம் வந்தால் நெஞ்சைத் தொட்டுப் பார்."

கையெழுத்து எனக்காக நிதானித்து எழுதப்பட்டதுபோல் இருந்தது. மற்ற பக்கங்கள் வழக்கமான கிறுக்கல். கடைசிப் பக்கத்தில் யூதித்தின் எடைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டிருக்கிறார். பழப்பெட்டி நிறுக்கும் தராசில் ஏறி நின்றிருக்க வேண்டும்.

"அக். 20. யூதித்து 945. நான் 56.
நவ. 3. யூதித்து 955. நான் 53.
நவ. 17. யூதித்து 960. நான் 50½."

வேறு எதுவும் எழுதவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் நின்றவளைப் போகச் சொன்னேன். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவளை.

ஜனவரி 1, புதன்

ஜெரோமுக்கு நானே போன் செய்தேன்.

"வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. பறவை இங்கேயே இருக்கட்டும். பதிவை முத்துப்பேச்சி பெயருக்கு மாற்ற என்னென்ன வேண்டும் என்று விசாரி."

"என்ன மம்மி ஆச்சு? கிறிஸ்துமஸ் அன்னிக்கு நல்லாத்தானே இருந்தீங்க?"

"எடையில் ஒரு பிழை" என்றேன்.

கையுறையை முத்துப்பேச்சியிடம் கொடுத்தேன். வாங்கி, உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். "ரொம்பச் சின்னது உங்க கை" என்றாள். சுவரில் இருந்த 920ஐ முந்தானையால் துடைத்தாள். நான் தடுக்கவில்லை.

"முத்துப்பேச்சி, அவர் போன அன்றைக்கு நீ கொண்டுவந்த டம்ளரில் எவ்வளவு சர்க்கரை போட்டிருந்தாய்?"

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"ரெண்டு ஸ்பூனு" என்றாள்.

யூதித்து கட்டையில் இருந்தாள். காலில் ஒரு மெல்லிய வார் மட்டும். மணி இல்லை. என் பக்கம் திரும்பவில்லை. முத்துப்பேச்சியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 5, ஞாயிறு

பெட்டிகள் கட்டியாயிற்று. ஜெரோம் பகல் பன்னிரண்டுக்கு வருகிறான்.

அலமாரியைத் திறந்து போன வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். நவம்பர் 21. அதே மை இல்லை. கறுப்பு மை போட்டேன். அளவுகோல் வைத்து, "பிடிவாதம்" என்ற சொல்லின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். கீழே இருப்பது தெரிகிறது. மேலே எழுதினேன்:

பசி.

ஹி. ச.